எத்தனை டெசிபல் என்று கேளுங்கள்

டிராக்டரில் தொடங்கி களையெடுக்கும் மிஷின் வரை, கொங்குத் தோட்டங்களின் இரைச்சலை முன்கூட்டியே கணக்கிட முடியும், குறைக்கவும் முடியும். வாங்குகிறவர் கேட்காதவரை அது நடக்காது.

மாசி மாத முற்பகல். சென்னிமலை வட்டாரத்து மஞ்சள் களம் ஒன்று. வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது. டிராக்டரின் பின்தண்டோடு இணைத்த இரும்பு உருளை சுழல்கிறது. உள்ளே கிழங்கு இரும்பிலும் கிழங்கிலும் மோதி உரசுகிறது. தோலும் வேரும் உதிர்ந்து, துளைகள் வழியே மஞ்சள் புழுதியாகக் கொட்டுகிறது. சுற்றி நிற்கும் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கையை உயர்த்தினால் நிறுத்தச் சொல்கிறார்கள், விரலைச் சுழற்றினால் இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டுநரின் சட்டைப்பையில் செல்போன் அடிக்கிறது. மணி கேட்காததால் அதிர்வை உணர்ந்துதான் எடுக்கிறார். மிஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எல்லோரும் உரக்கவே பேசுகிறார்கள்.

அந்த உரத்த பேச்சு பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. பேரிரைச்சலில் நின்ற காது தற்காலிகமாக மந்தமாகிவிடுகிறது, சில மணி நேரம் ஓய்ந்தால் மீள்கிறது. இதுவே நாள்தோறும், பருவந்தோறும் திரும்ப நடந்தால் ஒரு கட்டத்தில் மீளாமல் போகிறது. இதை வேலையோடு வரும் விதி என்று நம் தோட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அப்படி ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓர் இயந்திரம் எவ்வளவு இரைச்சலிடும் என்பது அதன் வரைபடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வரைபடத்தில் முடிவானதை வரைபடத்திலேயே மாற்றலாம். மாற்றச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

காளை போன இடத்தில்

கொங்கு நாடு தன் தோட்டங்களின் ஓசை மாறுவதை ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் வர ஆரம்பித்தது. கிணற்றுமேட்டில் படபடத்த ஆயில் இன்ஜின்களின் இடத்தை மின் மோட்டார்கள் மெல்ல மெல்லப் பிடித்தன. அந்த மோட்டார்களைச் செய்யும் தொழிலே கோவையின் அடையாளமாக வளர்ந்தது. தண்ணீர் இறைக்கும் வேலை அமைதியானது, உழவு வேலையோ எதிர்த்திசையில் போனது. காங்கேயம் காளை நின்ற இடத்தில் டிராக்டர் வந்தது. பெருந்துறைத் தொழிற்பேட்டையும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் கூலியாட்களை ஈர்த்துக்கொள்ள, களைவெட்டுக்கு ஆள் கிடைக்காமல் பவர் டில்லரும் களையெடுக்கும் மிஷினும் புல் வெட்டும் மிஷினும் தோட்டத்துக்குள் வந்தன. மருந்தடிக்க ஒன்று, கடலைக்காய் பிரிக்க ஒன்று, மாட்டுக்குத் தட்டு வெட்ட ஒன்று என்று இன்றைக்கு ஒரு தோட்டத்தில் ஏதாவது ஒரு மிஷின் ஓடாத நாள் குறைவு. கீழ்பவானிப் பாசனத்தில் நாற்று நட்டு அறுக்கும்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் வாடகை வண்டி உண்டு. இந்த மாற்றம் தேவையானதுதான். முதுகெலும்பு ஒடியும் வேலையைக் குறைத்த இயந்திரத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதுகைக் காத்ததற்கு விலையாகக் காதைக் கேட்காத இயந்திரம் வேண்டும் என்பதே இங்கே வாதம்.

காதுக்குள் நடப்பது

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். பிறக்கும்போது கிடைத்தவை மட்டுமே நமக்கு ஆயுளுக்கும். மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் பகுதியை. இதனால் ஆரம்பத்தில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. பேச்சின் உயிரெழுத்து ஓசைகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கேட்டுக்கொண்டே இருக்கும். 'ச', 'த', 'க' போன்ற மெய்களின் கூர்மைதான் முதலில் மங்கும். 'சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை' என்று நாற்பது வயதில் ஒருவர் சொல்லத் தொடங்குவது இதன் விளைவாக இருக்கலாம். வீட்டில் இதைக் கவனக்குறைவு என்றும் அசட்டை என்றும் எடுத்துக்கொள்வார்கள். காதுப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று தோன்றும்போது இழப்பு நிலைத்துவிட்டிருக்கும்.

எவ்வளவு இரைச்சலை எத்தனை நேரம் காது தாங்கும் என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும். டெசிபல் கூட்டல் வரிசையில் ஏறும் அளவு அல்ல. 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது. ஓட்டுநருக்கு மூடிய அறை இல்லாத இந்திய டிராக்டர்களில் காதருகே 90 டெசிபலைத் தாண்டிய அளவுகள் நம் வேளாண் பொறியியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. 94 டெசிபலில் எட்டு மணி நேரம் ரொட்டோவேட்டர் ஓட்டுகிறவர், இந்தக் கணக்குப்படி எட்டு நாளில் வாங்க வேண்டிய இரைச்சலை ஒரே நாளில் வாங்கிவிடுகிறார்.

---

பெட்டிச் செய்தி: காது தாங்கும் நேரம்
(நியோஷ் பரிந்துரை, ஒரு நாளைக்கு)

- 85 டெசிபல்: 8 மணி நேரம்
- 88 டெசிபல்: 4 மணி நேரம்
- 91 டெசிபல்: 2 மணி நேரம்
- 94 டெசிபல்: 1 மணி நேரம்
- 97 டெசிபல்: 30 நிமிடம்
- 100 டெசிபல்: 15 நிமிடம்

ஒரு கை நீட்டும் தொலைவில் இருப்பவரிடம் உரக்கப் பேசினால்தான் கேட்கிறது என்றால், அந்த இடத்தின் இரைச்சல் 85-ஐ எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

---

சென்னிமலையில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. காரணம், இங்கே உழவும் நெசவும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கின்றன. பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் பேர்பெற்ற இந்த ஊரைச் சுற்றிக் கைத்தறியோடு விசைத்தறியும் ஓடுகிறது. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலும் 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. பகலில் தோட்டத்தில் மிஷின் ஓட்டிவிட்டு மாலையில் தறிக்குப் போகிறவருக்கு இரண்டு இரைச்சலும் ஒரே கணக்கில் ஏறும். தறிக்கூடத்தில் வாங்கியது வேறு, வயலில் வாங்கியது வேறு என்று காது பிரித்து வைப்பதில்லை. அந்த இரண்டு இடத்தையும் சட்டம் ஒரே கண்ணால் பார்த்ததும் இல்லை. இரைச்சலால் வரும் காது கேளாமை, தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இருந்த ஒன்று. ஆலைத் தொழிலாளிக்கு வந்தால் அதற்குப் பெயரும் பதிவும் உண்டு. தன் காட்டில் தானே உழைக்கும் விவசாயிக்கு வந்தால் அது வயசுக் கோளாறாகிவிடுகிறது.

விளைவு காதோடு நிற்பதும் இல்லை. பின்னால் வருகிறவர் 'நிறுத்து' என்று கத்துவது கேட்காத இடத்தில் சுழலும் கத்தி நிற்காது. சாலையில் டிராக்டரை ஓட்டிவரும்போது பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. உழும்போது கருவியைப் பார்க்கத் தலையைத் திருப்பியே வைத்திருப்பதால் ஒரு காது மட்டும் இன்ஜின் பக்கம் நேராக நிற்கிறது. டிராக்டர் ஓட்டுநர்களில் ஒரு காது, பெரும்பாலும் இடது காது, மற்றதைவிடக் கூடுதலாகப் பழுதாவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டுநர் பாட்டுப் போட்டுக்கொள்கிறார். அது இன்ஜினை மீறிக் கேட்க வேண்டுமானால் இன்ஜினைவிட உரக்க வைக்க வேண்டும், ஆக இரைச்சல் கூடுகிறது. கடலைக்காய் மிஷினில் செடி போடும் பெண்களும் மஞ்சள் அள்ளும் பெண்களும் 'ஓட்டுநர்' கணக்கில் வருவதே இல்லை, அவர்கள் நிற்பதோ உருளைக்கு மிக அருகில். நடுவயதில் வரும் காது கேளாமை, பிற்கால மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் முக்கியமானது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-லும் 2020-லும் எடுத்துரைத்தது. காது மந்தமானவர் முதலில் கூட்டத்தில் பேசுவதைக் குறைப்பார், பிறகு கூட்டத்துக்குப் போவதையே குறைப்பார். சந்தையில் விலை பேசவும், சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கவும், பேரக்குழந்தையின் மழலையைப் புரிந்துகொள்ளவும் காது வேண்டும். இத்தனையும் இழப்புக் கணக்கில்தான் வரும்.

கட்டும் முன்பே கணக்கிடலாம்

இயந்திர இரைச்சலை முன்கணிப்பது ஜோசியம் அல்ல. ஒவ்வொரு ஒலிக்கும் பிறப்பிடம் உண்டு, பிறப்பிடத்துக்குச் சூத்திரம் உண்டு. மூன்று சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 50 முறை எரிவெடிப்பு நிகழும். ஆகவே புகைபோக்கியில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி எழும். அதே வேகத்தில் சுற்றும் ஆறு இதழ் விசிறி 200 ஹெர்ட்ஸில் முழங்கும். பல்சக்கரத்துக்குப் பல் எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாம். பிறகு இந்த அதிர்வுகள் எந்தத் தகட்டுக்குப் போகின்றன, எந்தத் தகடு அதே அதிர்வெண்ணில் ஒத்திசைந்து முரசாகிறது என்பதைக் கணினியில் தகட்டைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். மட்கார்டு எந்தச் சுற்றில் அலறும் என்பதை அச்சு வார்ப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிடலாம். அளந்து சேர்த்த தரவுகளிலிருந்து வேகம், சுமை, கியர் ஆகியவற்றுக்கும் இரைச்சலுக்கும் உள்ள உறவைப் புள்ளியியல் முறையில் வரைவது இன்னொரு வழி.

இந்தக் கணிப்பால் கிடைக்கும் பெரிய பலன், எதை முதலில் தொட வேண்டும் என்ற தெளிவு. டெசிபல்களைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. சம இரைச்சலுள்ள இரண்டு மூலங்கள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். ஒன்று மற்றதைவிட 10 டெசிபல் குறைவென்றால் அந்தச் சிறியதை முழுக்க அடக்கினாலும் பயன் அரை டெசிபலைக்கூட எட்டாது. எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் செலவழிக்கும் பட்டறை, காசும் உழைப்பும் போட்டும் காதுக்கு எந்த மாற்றமும் தராத மிஷினைச் செய்து வைக்கும்.

---

பெட்டிச் செய்தி: எதைத் தொட்டால் பலன்?
(விளக்கத்துக்காகப் போட்ட எடுத்துக்காட்டுக் கணக்கு)

- புகைபோக்கி 92, இன்ஜின் உடல் 90, விசிறி 88, தகடுகள் 85, கியர் பெட்டி 82. மொத்தம் சுமார் 95.7 டெசிபல்.
- கியர் பெட்டியை மட்டும் 10 டெசிபல் குறைத்தால் மொத்தம் 95.5. கிடைப்பது 0.2.
- புகைபோக்கியை மட்டும் 10 குறைத்தால் மொத்தம் 93.5. கிடைப்பது 2-க்கு மேல்.
- புகைபோக்கி, இன்ஜின், விசிறி மூன்றிலும் 5 மட்டும் குறைத்தால் மொத்தம் 91.7. கிடைப்பது 4. காது தாங்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல்.

---

எங்கே அடக்குவது?

முதல் வழி பிறப்பிடத்தில் அடக்குவது. விசிறியின் இரைச்சல் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். அகலமான விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு அதே காற்றை எடுக்க முடியும். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் டீசல் இன்ஜினின் ஓசையும் அதே வேகக் குறைப்புக்குச் சுமார் 3 டெசிபல் இறங்கும். மஞ்சள் களத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். உருளை சுழற்றப் பெரிய சக்தி தேவையில்லை. இன்றைய டிராக்டர்கள் சிலவற்றில் '540 இ' என்ற சிக்கன நிலை இருக்கிறது. பின்தண்டு அதே 540 சுற்றில் சுழல, இன்ஜின் மட்டும் குறைந்த சுற்றில் ஓடும். இரைச்சல் குறைவதோடு டீசலும் மிஞ்சும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் அமலான புகை விதிகளால் மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் செலுத்தும் முறை பரவியிருக்கிறது. முதலில் சிறிது எரிபொருள் விட்டுப் பிறகு மீதியை விடும் அந்த முறை, டீசலின் 'டக் டக்' அடியை மென்மையாக்கக்கூடியது. சிறு விவசாயி வாங்கும் சிறிய வண்டிகளை அந்த 2023 விதி தொடவில்லை.

இரண்டாவது, வழியில் தடுப்பது. இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சரியான ரப்பர், தகட்டின் பின்புறம் அதிர்வை விழுங்கும் ஒட்டுப்பூச்சு, காதுக்கு நேராக இல்லாமல் திருப்பிய புகைபோக்கி ஆகியவை பெரிய செலவில்லாதவை. மஞ்சள் உருளைக்கு உள்ளே மெத்தை வைத்தால் பாலிஷ் ஏறாது. வெளிப்புறத்தில் ரப்பர் தகட்டை இரும்புப் பட்டையால் இறுக்கினால் உருளை மணிபோல் ஒலிப்பது குறையும். சைலன்சரில் மட்டும் இயற்பியல் கொஞ்சம் அடம்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர், கைநீளக் குழாயால் அதை எளிதில் பிடிக்க முடியாது. அதனால்தான் அறையின் அளவையும் குழாயின் நீளத்தையும் கணக்கிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது, கண்ணளவில் வெட்டி ஒட்டினால் பயன் இல்லை. மூன்றாவது, காதில் அடக்குவது. காதடைப்பானும் காதுறையும் உதவும், ஆனால் அவை கடைசி அரண்தான்.

எழும் கேள்விகள்

'சத்தத்தை வைத்துத்தான் இன்ஜினுக்குச் சுமை ஏறுகிறதா என்று தெரிந்துகொள்கிறோம்' என்பார்கள். உண்மைதான், அனுபவசாலியின் காது ஒரு அளவுகருவி. ஆனால் அவர் கவனிப்பது இரைச்சலின் உயரத்தை அல்ல, அதன் மாற்றத்தை. 85 டெசிபலிலும் அந்த மாற்றம் தெளிவாகவே கேட்கும். காது மந்தமான பிறகுதான் அந்தத் திறமை போகிறது.

'விலை ஏறும்' என்பது நியாயமான கவலை. குளிரூட்டிய அறை வைத்த டிராக்டரை நம் சிறு விவசாயியின் தலையில் கட்ட முடியாது. ஜான் டியர் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த ஒலித்தடுப்பு அறை அமெரிக்கப் பண்ணைக்குப் பொருந்தியது. நம் வெயிலுக்கும் நிலத்தின் அளவுக்கும் அது பொருந்தாது. அதனால்தான் பிறப்பிடத்திலேயே குறைப்பது நமக்கு இன்னும் முக்கியமாகிறது. விசிறி, ரப்பர், புகைபோக்கியின் திசை என்று மேலே சொன்னவற்றில் பல, முதலிலேயே வரைந்தால் சில்லறைச் செலவு. விற்றபிறகு மாற்றினால்தான் பெருஞ்செலவு.

'பருவத்தில் சில நாள்தானே' என்பது சொந்த நிலத்தை மட்டும் உழுகிறவருக்குப் பொருந்தலாம். வாடகை வண்டி ஓட்டுநருக்கு ஒரு ஊரின் பருவம் முடியும்போது அடுத்த ஊரின் பருவம் தொடங்குகிறது. 'மின் டிராக்டர் வந்தால் தானாகத் தீரும்' என்பதும் பாதிதான் உண்மை. சோனாலிகா 2020-இலும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் 2023-இலும் மின் டிராக்டர்களை அறிமுகப்படுத்தின. இன்ஜின் ஓசை போகும், மண்ணில் அடிக்கும் கத்தியின் ஓசையும் கடலைக்காய் உருளையின் ஓசையும் அப்படியே இருக்கும்.

'கிராமத்தில் இதையெல்லாம் யார் பொருட்படுத்துவார்கள்?' என்று கேட்பவர்கள் ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியிலுள்ள வெள்ளோட்டைப் பார்க்க வேண்டும். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகின்றன. எந்த அபராதத்துக்கும் பயந்து செய்ததல்ல அது. இரைச்சல் ஓர் உயிருக்குத் தீங்கு என்று புரிந்தால் இந்த மண் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதே அக்கறை உழைக்கிறவரின் காதுக்கும் சேர வேண்டும்.

மானியம் கொடுக்கும் இடத்தில் ஒரு எண்

சட்டம் கேட்டால் இயந்திரம் அடங்கும் என்பதை இந்தியா ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2005 ஜனவரி முதல் தயாரான, 1,000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், உறையிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. முன்பு திறந்த இன்ஜினாகத் தெருவையே அதிரவைத்த ஜெனரேட்டர் இன்றைக்குக் கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் பெட்டிக்குள் ஓடுகிறது. டிராக்டரை அப்படிப் பெட்டிக்குள் மூட முடியாது என்பது சரி. அதனால் 75-ஐக் கேட்கவில்லை. ஐரோப்பா 1977-லேயே டிராக்டர் ஓட்டுநரின் காதருகே, அளக்கும் முறைக்கேற்ப, 90 அல்லது 86 டெசிபல் என்று எல்லை வகுத்தது. புல் வெட்டும் மிஷின் போன்ற வெளிப்புற இயந்திரங்கள் தம் ஒலி அளவை உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் விற்பனைக்கு வர வேண்டும் என்று 2000-இல் சொன்னது. களத்துக்குள் சட்டம் நுழைவதும் நமக்குப் புதிதல்ல. கதிரடிக்கும் மிஷினில் கைகள் போவதைத் தடுக்க 1983-இலேயே அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கை போவது உடனே தெரிந்தது, சட்டம் வந்தது. காது போவது தெரிவதில்லை, அதனால் காத்திருக்கிறது.

காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி கையருகே இருக்கிறது. 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் மானியம் பெறும் இயந்திரங்களுக்குப் பரிசோதனை அறிக்கை வேண்டும். டிராக்டர், பவர் டில்லர் பரிசோதனைகளில் ஓட்டுநரின் காதருகே இரைச்சலையும் அளக்கிறார்கள். ஆக, எண் ஏற்கெனவே இருக்கிறது, வாங்குகிறவர் கண்ணுக்குத்தான் படுவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை தன் மானியப் பட்டியலில் விலைக்கும் குதிரைத்திறனுக்கும் பக்கத்தில் டெசிபலுக்கு ஒரு பத்தி சேர்த்தால் போதும். அதற்குப் புதிய சட்டமோ புதிய ஆய்வகமோ தேவைப்படாது. பம்புசெட்டுக்கு நட்சத்திரக் குறியீடு வந்தபோது கோவைத் தயாரிப்பாளர்கள் அதற்கேற்ப மோட்டாரைத் திருத்திக்கொண்டார்கள். இரைச்சலுக்கும் அப்படி ஒரு குறியீடு வந்தால் அவர்களால் முடியாததல்ல. அளப்பதற்கும் கணிப்பதற்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும், மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் கோவை மையமும், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பட்டறையில் செய்யும் மஞ்சள் உருளைக்கும் தட்டு வெட்டும் மிஷினுக்கும் வரைபடம் போட்டுத் தர இவற்றால் முடியும்.

காதைப் பரிசோதிக்கும் வேலையும் இதோடு சேர வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலில் பார்க்கிறது. பரிசோதிக்காமல் தெரியாத நோய் என்ற வகையில் இரைச்சல் செவிடும் அதே இனம்தான். மிஷின் ஓட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர் இருக்கும் வீடுகளிலாவது ஆண்டுக்கொருமுறை காதைப் பார்த்தால், மீளும் நிலையில் இருப்பவரை முன்கூட்டியே எச்சரிக்கலாம்.

அதுவரைக்கும் தொடக்கம் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. மைலேஜ் எவ்வளவு, எத்தனை குதிரைத்திறன், ஸ்பேர் கிடைக்குமா என்று டீலரிடம் நாலு கேள்வி கேட்காமல் எந்த விவசாயியும் வண்டி எடுப்பதில்லை. ஐந்தாவதாக, ஓட்டுகிறவர் காதில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், பரிசோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் டீலர் கம்பெனியைக் கேட்பார், நூறு பேர் கேட்டால் கம்பெனி தன் வரைபடத்தைத் திருத்தும்.